லீக் வேறு, ஓட்டை வேறு

எங்கள் பெரியப்பா மகளுக்கு இதயத்தில் ஓட்டையாம்.

போன ஆடி மாசம் திருத்தணியில் எங்கள் தெரு முழுக்க இதுதான் பேச்சு. தெருவில் ஆரம்பித்தது, கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த சொந்தக்காரர்கள் வழியாக அரக்கோணம் போனது, அங்கிருந்து எப்படியோ நகரிக்கும் போய்விட்டது. நகரியில்தான் அக்காவுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லையைத் தாண்டியதும் செய்தியும் தெலுங்குக்கு மாறிவிட்டது. "அம்மாயிக்கு குண்டெகு சில்லு அன்ட்ட" என்று மாப்பிள்ளையின் சித்தி யாரிடமோ சொன்னதாகக் காதுக்கு வந்தது. சில்லு என்றால் ஓட்டை. அதோடு அந்தப் பக்கத்திலிருந்து போன் வருவது நின்றது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இதயத்தில் ஓட்டை இல்லை, அவளிடம் இருந்தது ஒரு எக்கோ ரிப்போர்ட். அந்தக் காகிதம் செய்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான். பி.எட். பரீட்சை சமயத்தில் அக்காவுக்கு அடிக்கடி படபடப்பு. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு தடதட என்று அடித்துக்கொள்கிறது என்றாள். டாக்டர் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்கோ மூன்றும் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. "ரத்தம் கம்மியா இருக்கும்மா, அதான் படபடப்பு. மூணு மாசம் இரும்பு மாத்திரை சாப்பிடு. ஹார்ட்ல பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவர் சொன்னது காற்றோடு போய்விட்டது. ரிப்போர்ட் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதன் கடைசி வரியில் கொட்டை எழுத்தில் 'மைல்டு எம்.ஆர்., ட்ரிவியல் டி.ஆர்.' என்று இருந்தது.

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மருந்துக்கடையில் காட்டினார். கடைப் பையன் "வால்வுல லீக்குன்னு போட்டிருக்கு" என்றான். அவனும் பொய் சொல்லவில்லை. லீக் என்பது ராத்திரிக்குள் ஓட்டை ஆனது. காலையில் பெரியம்மா சாப்பிடவில்லை. மலைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார்.

நான் படிப்பது இயற்பியல். மருத்துவத்தில் எனக்குத் தெரிந்தது பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் அளவுதான். நல்லவேளையாக என் நண்பனின் அண்ணன் சென்னையில் இதய மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவரை விடாமல் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் சொன்னதும் அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்த்துத் தருகிறேன்.

முதலில் ஓட்டைக்கும் லீக்குக்கும் உள்ள வித்தியாசம். இதயத்தில் நாலு அறை. நடுவில் சுவர், அறைகளுக்கு இடையிலும் வெளியே போகும் வழியிலும் நாலு கதவு. அந்தக் கதவுகள்தான் வால்வுகள். ஓட்டை என்பது சுவரில் இருப்பது, பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. லீக் என்பது கதவு முழுசாகச் சாத்தாமல், போன ரத்தத்தில் கொஞ்சம் திரும்பி வருவது. வீட்டுச் சுவர் இடிந்திருப்பதும் கதவு இடுக்கில் காற்று வருவதும் ஒன்றா?

பெரியப்பாவுக்கு அண்ணன் இன்னும் எளிதாகச் சொன்னார். "உங்க கிணத்து மோட்டாருக்கு ஃபுட் வால்வு இருக்கு இல்லீங்களா? அது லேசா கசிஞ்சா என்ன ஆகும்?"

"கொஞ்சம் தண்ணி கீழ இறங்கும். மோட்டார் பாட்டுக்கு ஓடும்."

"ரொம்பக் கசிஞ்சா?"

"இழுத்த தண்ணியையே திரும்பத் திரும்ப இழுக்கணும். மோட்டார் சூடாகும்."

"அவ்வளவுதாங்க எம்.ஆர்."

பெரியப்பா முகத்தில் ஒரு வாரம் கழித்து அப்போதுதான் வெளிச்சம் பார்த்தேன். எம்.ஆர். என்றால் மைட்ரல் வால்வில் கசிவு, அதாவது இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் இரண்டு இதழ் கொண்ட கதவில். டி.ஆர். என்றால் வலப்பக்கம் இருக்கும் மூன்று இதழ் கதவில். ஆர் என்ற எழுத்து வந்தாலே ரத்தம் பின்னோக்கி வருகிறது என்று அர்த்தம். எஸ் என்று வந்தால் கதவு சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அது வேறு கதை.

சரி, மைல்டு என்பது எவ்வளவு? இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. மைட்ரல் வால்வில் திரும்பி வருவது 30 மில்லிக்குக் கீழே இருந்தால் மைல்டு, 60 மில்லியும் அதற்கு மேலும் போனால் சிவியர். நடுவில் இருப்பது மாடரேட். ட்ரிவியல் என்பது மைல்டுக்கும் கீழே, துளிக் கசிவு. மூவிதழ் வால்வில் துளிக் கசிவு ஆரோக்கியமானவர்களிலேயே பெரும்பாலோருக்கு உண்டு. இதைப் படிக்கிற உங்களுக்கும் இருக்கலாம். எக்கோ எடுக்காததால் நிம்மதியாக இருக்கிறீர்கள் :-)

இது சும்மா ஆறுதல் வார்த்தை அல்ல. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரின் மக்களை மருத்துவர்கள் 1948 முதல் தலைமுறை தலைமுறையாகக் கண்காணித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் இருந்த ஆண், பெண் மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு எக்கோ எடுத்துப் பார்த்து 1999-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சராசரி வயது 54. மைட்ரல் வால்வில் மைல்டு அல்லது அதற்கு மேல் கசிவு இருந்தவர்கள் ஏறக்குறைய 19 சதவீதம், அதாவது ஐந்து பேரில் ஒருவர். ஐந்தில் ஒருவருக்கு இருப்பதை வைத்து ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தினால், அந்த மாப்பிள்ளையின் வீட்டிலேயே எத்தனை பேருக்கு எக்கோ எடுக்க வேண்டியிருக்கும்?

இந்த மெஷின் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது என்பது என் பாடம், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்தணி ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலின் ஹாரனைக் கேட்டிருப்பீர்கள். வரும்போது கூர்மையாகக் கேட்கும் சத்தம், நம்மைத் தாண்டியதும் சட்டென்று தணிந்துவிடும். 1842-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விதி இதுதான். எக்கோவில் ரயிலுக்குப் பதில் ரத்த அணுக்கள். காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணக்கிடுகிறார்கள். கருவியை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம். திரையில் சிவப்பையும் நீலத்தையும் பார்த்துவிட்டு பெரியம்மா "உள்ள ரத்தம் கொட்டுது" என்று அழுதது இதைத்தான். அது கம்ப்யூட்டர் பூசும் நிறம்.

இந்த முறை 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் தொடங்கியது. எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும், கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் பார்க்க வைத்திருந்த கருவியை இரவல் வாங்கி இதயத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியின் வம்சம் என்பதாலோ என்னவோ, எக்கோ மிகச் சின்ன விஷயத்தையும் விடுவதில்லை. மெஷினில் சில அமைப்புகளை மாற்றினால் அதே கசிவு திரையில் பெரிதாகவும் தெரியும், சிறிதாகவும் தெரியும். ஸ்கேன் எடுக்கும் நேரத்தில் பிரஷர் ஏறியிருந்தால் கசிவும் கூடும். அதனால்தான் ஒரே ஆளுக்கு ஒரு இடத்தில் ட்ரிவியல் என்றும் இன்னொரு இடத்தில் மைல்டு என்றும் வருகிறது. இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இத்தோடு நிறுத்தினால் இது 'கவலைப்படாதீர்கள்' கட்டுரை ஆகிவிடும். ஆனால் அண்ணன் கிளம்பும்போது சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தூங்க விடவில்லை.

அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பையன் வந்தானாம், வயது பதினாலு. மூன்று வருஷத்துக்கு முன்பு தொண்டை வலி, காய்ச்சல், பிறகு முழங்கால் வீக்கம். அப்போது எடுத்த எக்கோவிலும் 'மைல்டு எம்.ஆர்.' என்றுதான் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். வீட்டில் யாரோ "மைல்டுதானே, இதுக்குப் போய் மாசா மாசம் ஊசியா" என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது வந்தபோது படுத்தால் மூச்சு வாங்குகிறது, கசிவு சிவியர்.

என் அக்காவின் ரிப்போர்ட்டிலும் அந்தப் பையனின் முதல் ரிப்போர்ட்டிலும் இருந்தது ஒரே வார்த்தை. ஒரு வீட்டில் அந்த வார்த்தையைப் பார்த்துப் பயந்து கல்யாணப் பேச்சு நின்றது. இன்னொரு வீட்டில் அதே வார்த்தையைப் பார்த்துத் தைரியமாகி ஊசியை நிறுத்தினார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் படிக்கத் தெரியாததால் தவறவில்லை. அவர்கள் படித்த வார்த்தை மட்டும் போதாது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருக்கும் வார்த்தைகளில்தான் விஷயம் இருக்கிறது. அக்கா ரிப்போர்ட்டில் அதே பக்கத்தில், சின்ன எழுத்தில், 'வால்வுகள் இயல்பான அமைப்பில் உள்ளன, அறைகள் இயல்பான அளவில் உள்ளன' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பையனுடையதில் இதழ்கள் தடித்திருப்பதாக இருந்ததாம். அது ருமாட்டிக் காய்ச்சலின் தழும்பு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையில் வந்து போகிறது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, ஆள் தெரியாமல் இதய வால்வையும் அடித்துவிடுகிறது. மறுபடி மறுபடி தொண்டைத் தொற்று வந்தால் மறுபடி மறுபடி அடி. பென்சிலின் ஊசி அந்த மறுபடியைத் தடுக்கத்தான்.

இது எங்கோ இருக்கும் நோய் அல்ல. பக்கத்து வேலூர் மாவட்டத்தின் கிராமப்புறப் பள்ளிகளில் 2001-02-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2,29,829 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். (அரக்கோணம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.) ருமாட்டிக் இதய நோய் ஆயிரம் பேருக்கு 0.68 என்று வந்தது. பழைய கணக்குகளைவிட இது வெகுவாகக் குறைவு, நல்ல செய்தி. ஆனால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஹரியானாவின் பல்லப்கரில் 6,270 பள்ளிப் பிள்ளைகளுக்கு எக்கோவே எடுத்துப் பார்த்து 2011-ல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தபோது ஆயிரத்துக்கு 0.8, எக்கோவில் ஆயிரத்துக்கு 20.4. அதே பிள்ளைகள்தான். காதுக்குக் கேட்காதது கண்ணுக்கு இருபத்தைந்து மடங்கு தெரிகிறது.

அப்படித் தெரிவதெல்லாம் முற்றிவிடுமா? இதற்கும் ஒரு பதில் இருக்கிறது. உகாண்டாவில், எக்கோவில் மட்டும் தெரிந்த ஆரம்ப நிலை ருமாட்டிக் நோய் இருந்த 818 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாலு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டார்கள். முடிவு 2022-ல் பிரசுரமானது. இரண்டு வருஷத்தில் நோய் முன்னேறியது ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2 சதவீதம். இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். ஊசி இல்லாமலே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டு வருஷத்தில் மோசமாகவில்லை. ஆனால் மோசமாகும் அந்தப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேரை ஊசி காப்பாற்றியிருக்கிறது. அலட்சியத்துக்கும் இடமில்லை, அலறலுக்கும் இடமில்லை.

ஆகவே 'மைல்டு' என்று பார்த்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருப்பவை இவை:

1. எந்த வால்வு? வலப்பக்க மூவிதழ் வால்வில் துளிக் கசிவு சாதாரணம். இளம் வயதில் அயோர்டிக் வால்வில் கசிவு என்றால் ஏன் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

2. எவ்வளவு? ட்ரிவியல், மைல்டு, மாடரேட், சிவியர். இதில் எது?

3. வால்வின் அமைப்பு எப்படி இருக்கிறது? தடிப்பு, சுண்ணாம்புப் படிவு, இதழ் பின்னால் பிதுங்குவது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

4. அறைகள் வீங்கியிருக்கின்றனவா, பம்பு செய்யும் திறன் என்ன? ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று சதவீதத்தில் இருக்கும். 55-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. அக்காவுக்கு 64. இதைப் பார்த்து பெரியம்மா "நூத்துக்கு 64 தானா" என்று மறுபடி அழ ஆரம்பித்தார். இதில் யாரும் நூறு வாங்க முடியாது பெரியம்மா!

5. அடுத்த எக்கோ எப்போது? வால்வில் கோளாறு இருந்து கசிவு மைல்டாக இருந்தால் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போதும் என்பது பொதுவான வழிகாட்டல். மாடரேட் என்றால் ஒன்றிரண்டு வருஷம், சிவியர் என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம். பயத்தில் மாசம் ஒரு எக்கோ எடுப்பது ஸ்கேன் சென்டருக்கு மட்டும்தான் நல்லது.

மூச்சு வாங்குவது, கால் வீக்கம், மயக்கம் இவை இருந்தால் இந்தப் பட்டியலை விட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள். 'கல்யாணம் பண்ணலாமா, பிள்ளை பெறலாமா' என்பதையும் அவரிடமே கேளுங்கள், சித்தியிடம் வேண்டாம். இயல்பான வால்வில் மைல்டு கசிவு இருக்கும் பெண்ணின் இதயம் கர்ப்ப காலத்தை நன்றாகவே தாங்கும். கர்ப்பத்தில் பயப்பட வேண்டியது பெரும்பாலும் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால்தான்.

இனி என் கருத்து. எக்கோ ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் ஒரே ஒரு வரி வேண்டும். 'வால்வு நன்றாக உள்ளது, லேசான கசிவு இயல்பானது, சிகிச்சை தேவையில்லை' அல்லது 'வால்வில் தழும்பு உள்ளது, ஊசியை நிறுத்தக் கூடாது'. இவ்வளவுதான்.

இதைச் சொன்னால் அண்ணனே மறுத்தார். "ஒரு நாளைக்கு அறுபது எக்கோடா. தமிழ்ல வேற எழுதணுமா? அதுவும் ரிப்போர்ட் இன்னொரு டாக்டருக்காக எழுதறது, பேஷண்டுக்கு இல்ல." முதல் பாதி நியாயம். ஆனால் திரும்பத் திரும்ப வரும் நாலைந்து முடிவுகளுக்கு நாலைந்து வரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தால் ஒரு சொடுக்கு வேலைதான். இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. டாக்டருக்காக எழுதியதாகவே இருக்கட்டும், அதைக் கையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து, வீட்டு அலமாரியில் பூட்டி வைப்பது பேஷண்ட்தானே? அவர் படிக்காத காகிதத்தை அவருக்குப் பதில் ஊர் படிக்கிறது.

இன்னொன்று. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் போராடி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. ஊரையே தமிழுக்காகக் கேட்டு வாங்கினார்கள். அந்த ஊர்க்காரருக்குத் தன் நெஞ்சைப் பற்றிய ஒரு வரி தமிழில் கிடைக்கவில்லை. நகரிக்காரருக்குத் தெலுங்கில் கொடுங்கள், சந்தோஷம். அந்தச் சித்தி "சில்லு" என்று சொல்லியிருக்க மாட்டார்.

அக்கா மூன்று மாசம் மாத்திரை சாப்பிட்டாள். ஹீமோகுளோபின் 11.8-க்கு வந்தது, படபடப்பு போய்விட்டது. பெரியம்மாவின் வேண்டுதலுக்காக எல்லோரும் மலைக்குப் போனோம். 365 படியையும் அக்கா நிற்காமல் ஏறினாள். பாதியில் உட்கார்ந்தது நான்தான். நகரியிலிருந்து போன் வரவே இல்லை. "போகட்டும் விடுடா" என்கிறாள் அவள். அந்த ரிப்போர்ட்டை மட்டும் பெரியம்மா இன்னும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதாம்.

உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தால் வெளியே எடுங்கள். கடைசி வரிக்கு முந்தைய வரிகளையும் படியுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மூன்றாவது கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.